திருப்புளி கடைசியில்தான்: பழைய காரின் பெட்ரோல் கோளாறும் கார்புரேட்டரும்

ஓடிக்கொண்டிருந்த பழைய அம்பாசிடர் ஒன்று திடீரென்று திணறி நின்றுவிட்டால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே அருகில் நிற்பவர்களில் ஒருவர் தீர்ப்பைச் சொல்லிவிடுவார்: "கார்புரேட்டர் அடைச்சிருக்கும்." அடுத்த நிமிடம் யாராவது ஒருவர் கையில் திருப்புளி வந்துவிடும், கார்புரேட்டரில் கண்ணுக்குப் படுகிற முதல் திருகு அரைச் சுற்றுத் திருகப்படும். ஏற்கெனவே இருந்த ஒரு கோளாறு இரண்டு கோளாறாக மாறுவது அந்த இடத்தில்தான்.

அம்பாசிடர் 1957-இல் கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் தயாராகத் தொடங்கி 2014-இல் நின்றது. அதற்கு இணையாக மும்பையின் பிரீமியர் பத்மினியும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஓடின. இந்த வண்டிகளைத் தாத்தாவிடமிருந்தோ சந்தையிலிருந்தோ பெற்று வைத்திருப்பவர்கள் இன்றும் பலர் உண்டு. கார்புரேட்டரைப் பற்றி இவர்களிடையே புழங்கும் பேச்சில் பாதி, 'அது பெட்ரோலை உறிஞ்சி என்ஜினுக்குள் பீய்ச்சுகிறது' என்ற எண்ணத்திலிருந்து பிறக்கிறது. என்ஜினுக்குப் போகும் காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கருவி கார்புரேட்டர். அது உறிஞ்சுவதும் இல்லை, பீய்ச்சுவதும் இல்லை. அது செய்யும் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டால், பழுது எங்கே இருக்கும் என்று தேடும் வரிசையும் தானாகவே மாறிவிடும்.

கொசு மருந்துப் பம்பும் மிதவைத் தொட்டியும்

முன்பெல்லாம் வீடுகளில் கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பு ஒன்று இருந்தது. நீண்ட குழலில் கைப்பிடியை இழுத்துத் தள்ளினால், முன்னால் தொங்கும் டப்பாவிலிருந்து மருந்து புகைபோலக் கிளம்பும். அந்த டப்பாவுக்குள் அழுத்தம் கொடுக்கும் கருவி எதுவும் கிடையாது. டப்பாவிலிருந்து மேலே வரும் மெல்லிய குழாயின் வாயைத் தொட்டுக்கொண்டு காற்று வேகமாகப் பாயும்போது, அந்த இடத்தில் காற்றழுத்தம் குறைகிறது. டப்பாவுக்குள் இருக்கும் சாதாரணக் காற்றழுத்தம் மருந்தை மேலே தள்ளிவிடுகிறது. கார்புரேட்டரின் உயிர்நாடி இதுவே.

என்ஜினுக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று கார்புரேட்டரின் தொண்டை வழியாக உள்ளே ஓடுகிறது. அந்தத் தொண்டை நடுவில் இடுங்கியிருக்கும். அகலமான வழியில் நிதானமாக வந்த காற்று இடுக்கில் நுழையும்போது வேகம் பிடிக்கும். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் ஊர்களில் ஆடி மாதம் காற்று எப்படி அடிக்கும் என்று அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். இந்த இடுங்கிய பகுதிக்கு வெஞ்சுரி என்று பெயர். பெட்ரோல் குழாயின் வாய் சரியாக அங்கேதான் திறக்கிறது.

பெட்ரோல் அங்கே வருவதற்கு முன் காத்திருக்கும் இடம் மிதவைத் தொட்டி. வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் மிதக்கும் பந்து மேலே எழும்பிக் குழாயை அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள சிறு கிண்ணத்திலும் ஒரு மிதவை உண்டு. அது மேலே எழும்போது நீடில் எனப்படும் கூர்முனை வால்வைத் தள்ளி பெட்ரோல் வரவை நிறுத்துகிறது, இறங்கும்போது திறந்துவிடுகிறது. கிண்ணத்தின் மேற்பரப்பு வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்கும். கிண்ணத்துக்கும் வெஞ்சுரிக்கும் இடையே ஜெட் என்ற பித்தளைத் திருகாணி இருக்கிறது. அதன் நடுவே மிக நுட்பமாகத் துளையிட்டிருப்பார்கள். எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்று தீர்மானிப்பது அந்தத் துளை. ஆக்சிலேட்டரை மிதித்தால் தொண்டையின் அடியில் உள்ள த்ராட்டில் என்னும் தகடு திறக்கிறது. அதன் மூலம் நீங்கள் கூட்டுவது காற்றை மட்டுமே. பெட்ரோல் அந்தக் காற்றைப் பின்தொடர்ந்து வருகிறது.

சுருக்கமாகப் பார்த்தால், கார்புரேட்டருக்கு இரண்டு தேவைகள்: கிண்ணத்தில் எப்போதும் ஒரே மட்டத்தில் பெட்ரோல் இருக்க வேண்டும், தொண்டை வழியாக மட்டுமே காற்று வர வேண்டும். பெரும்பாலான கோளாறுகள் இந்த இரண்டில் ஒன்று தவறுவதால் வருகின்றன.

ஒரு லிட்டருக்கு ஒரு லாரி காற்று

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எடையில் சொன்னால் இதன் அளவு மனதில் பதியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. சென்னைத் தெருக்களில் கோடையில் வரும் ஒரு தண்ணீர் லாரியின் கொள்ளளவு அது. அத்தனை காற்றோடு ஒரு லிட்டரைக் கலக்கும் கருவி, மயிரிழை அளவு தூசிக்கும் சிணுங்குவதில் வியப்பில்லை.

காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவையை லீன் என்றும், பெட்ரோல் மிகுந்ததை ரிச் என்றும் பட்டறையில் சொல்வார்கள். லீன் ஆனால் வண்டி இழுக்காது, சூடேறும், கார்புரேட்டர் வழியே 'டப்' என்று தும்மும். ரிச் ஆனால் கரும்புகை வரும், பெட்ரோல் வாடை அடிக்கும், தீப்பொறி தரும் பிளக்கில் கரி பிடிக்கும். பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்த்தால் போதும்: வெளுத்திருந்தால் லீன், கரியாக இருந்தால் ரிச், இளம் பழுப்பாக இருந்தால் குறையொன்றும் இல்லை.

சோக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 'சோக்கை இழுத்தால் பெட்ரோல் அதிகம் ஊற்றும்' என்று நம்பப்படுகிறது. பல கார்புரேட்டர்களில் சோக் என்பது தொண்டையின் மேல்வாயில் உள்ள ஒரு மூடித் தகடு மட்டுமே. அது காற்றின் வழியை மறிக்கிறது. அம்பாசிடர், பத்மினி வண்டிகளில் வந்த சோலெக்ஸ் என்ற கார்புரேட்டர் வகைகள் சிலவற்றில் தனிப் பெட்ரோல் வழியாகவும் அது அமைந்திருக்கும். எந்த அமைப்பானாலும் விளைவு ஒன்றே: கலவை ரிச் ஆகும். ஆகவே சோக் நமக்கு ஒரு சோதனைக் கருவியும் ஆகிறது. திணறி ஓடும் வண்டியில் சோக்கைப் பாதி இழுத்ததும் ஓட்டம் தெளிந்தால் கலவை லீனாக இருந்திருக்கிறது. மேலும் மோசமானால் ஏற்கெனவே ரிச். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு திருகையும் தொடக் கூடாது என்பது என் கருத்து.

தேடலை டாங்கில் தொடங்க வேண்டும்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே என் அம்பாசிடர் ஒரே நாளில் மூன்று முறை நின்றது. இருபது கிலோமீட்டர் நன்றாக ஓடும். பிறகு மூச்சுத் திணறுவதுபோல இழுத்து இழுத்து அணைந்துவிடும். பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். அதற்கு முந்தைய மாதம் இதே காரணத்துக்காக ஒரு பட்டறையில் இரண்டு முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தோம். மூன்றாவது முறை நின்றபோது, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டாங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. சாவி போட்டுப் பூட்டும் புது மூடி ஒன்றை நானே வாங்கிப் போட்டிருந்தேன். அதில் காற்றுத் துளை இல்லை.

டாங்கிலிருந்து பெட்ரோல் வெளியேறினால் அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். கெட்டிப்பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் வராது, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் வரும், இதுவும் அப்படித்தான். துளையில்லாத மூடியின் கீழ் வெற்றிடம் வளர வளர, பம்பு இழுத்தும் பெட்ரோல் வராது. நிறுத்திவைத்த பத்து நிமிடத்தில் எங்கோ ஓர் இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே சேர்ந்துவிடுவதால் வண்டி மறுபடி கிளம்பும். இப்படிக் குறிப்பிட்ட தூரம் ஓடி நிற்கும் வண்டியில் மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டிப் பார்ப்பதே முதல் சோதனை.

அடுத்து பெட்ரோல் குழாய். டாங்கிலிருந்து என்ஜின் வரை நீளும் உலோகக் குழாயின் இரு முனைகளிலும் ரப்பர் ஹோஸ் இருக்கும். ரப்பர் வெடித்திருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். டாங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட பகுதியில் பம்பு இழுத்துக்கொண்டிருப்பதால், அங்கே வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதே அதிகம். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவால் இளநீர் குடிப்பதுபோல, வாயில் காற்றுதான் வரும்.

பிறகு பம்பு. என்ஜினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டு, உள்ளே சுழலும் கேம் தண்டால் இயங்கும் இந்தச் சாதனத்தைப் பழைய மெக்கானிக்குகள் 'ஏசி பம்பு' என்பார்கள். அதற்குள் டயாஃப்ரம் என்ற ரப்பர் பூசிய துணிச் சவ்வு மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுத்துத் தள்ளுகிறது. அது தரும் அழுத்தம் டயரில் அடிக்கும் காற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கிண்ணத்தை நிரப்புவதோடு அதன் பொறுப்பு முடிந்துவிடும். பம்பின் மேல் கண்ணாடிக் குவளை இருந்தால் அதைப் பாருங்கள். அடியில் துருத்தூளோ, பெட்ரோலோடு ஒட்டாமல் உருண்டு நிற்கும் தண்ணீரோ தெரிந்தால், நோய் டாங்குக்குள் இருக்கிறது. குவளையைத் திரும்பப் பூட்டும்போது அதன் வாஷர் சரியாக உட்காராவிட்டால் அங்கேயும் காற்று புகும்.

பம்பைச் சோதிக்கும் முறை எளிது. ஆனால் கவனம் வேண்டும். என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் கூடாது, தீப்பொறிக்கான மின்சாரம் தரும் காயிலிலிருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றி உலோகத்தோடு இணைத்துவிட வேண்டும். பிறகு கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஒருவரைச் சில விநாடிகள் ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் விட்டு விட்டு, ஒவ்வொரு துடிப்பிலும் திடமாகப் பாய வேண்டும். குமிழியோடு வந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. சோம்பலாக வழிந்தால் டயாஃப்ரம் தளர்ந்திருக்கும். டயாஃப்ரம் கிழிந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளக்கும் குச்சியில் மட்டம் கூடியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால், வண்டியை ஓட்டாமல் ஆயிலையும் பம்பையும் சரிசெய்வதே முறை.

இதுவரை வந்த மூன்றும் கார்புரேட்டருக்கு முன்னால் இருப்பவை. பாட்டிலில் பெட்ரோல் சீராகப் பாயும் வரை கார்புரேட்டரின் மேல் குற்றம் சுமத்த நமக்கு உரிமையில்லை.

வெயிலில் மட்டும் நிற்கும் வண்டி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏப்ரல், மே மாதங்களில் அந்த ஏற்றத்தில் பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும் அம்பாசிடர்களை ஒரு காலத்தில் சாதாரணமாகக் காணலாம். துணி வைத்தியம் மூடநம்பிக்கை போலத் தோன்றினாலும் அதன் பின்னால் சரியான காரணம் இருக்கிறது.

பெட்ரோல் ஒரே பொருளன்று. பலவகை எண்ணெய்களின் கலவை. அவற்றில் இலேசானவை 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். பம்பு இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் குறைவாக இருப்பதால் கொதிப்பு இன்னும் எளிதாகிறது. முதல் கியரில், காற்றோட்டம் குறைந்து, என்ஜின் கொதிக்கக் கொதிக்க ஏறும்போது, குழாயிலும் பம்பிலும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பம்பு அசைந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் ஆவி பஞ்சுபோல அமுங்கி விரியுமே தவிர, முன்னால் நகராது. இதை ஆவி அடைப்பு என்று சொல்லலாம். ஈரத்துணி பம்பைக் குளிர்வித்து ஆவியைத் திரும்பத் திரவமாக்குகிறது.

அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஓட்டி நிறுத்திய வண்டியில் காற்றாடியும் நின்றுவிடுவதால், புகைக் குழாயின் வெக்கை முழுவதும் மேலேறி கார்புரேட்டர் கிண்ணத்தைச் சுடுகிறது. டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் கிளம்பாமல் அடம்பிடிப்பது இதனால்தான். பானெட்டைத் திறந்து வைப்பது, பெட்ரோல் குழாயைப் புகைக் குழாயிலிருந்து விலக்கிக் கட்டுவது, கார்புரேட்டரின் அடியில் வெப்பம் தடுக்கும் தடித்த அட்டையை இடம் மாறாமல் வைத்திருப்பது ஆகியவை நிலையான தீர்வுகள்.

இதே அறிகுறியோடு வேறொரு குற்றவாளியும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்ந்த கண்டென்சர் என்னும் சிறு உருளை, சூடானதும் செயலிழந்து ஆறியதும் பிழைத்துக்கொள்ளும் குணம் கொண்டது. அது கரண்ட் கோளாறு; வேடம் மட்டும் பெட்ரோல் கோளாறு. வண்டி நின்ற உடனே ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, தீப்பொறிதான் வரவில்லை. ஊரில் கார்புரேட்டர் கழுவிய கணக்கில் பாதி, உண்மையில் கண்டென்சருக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் என்ற தொடுமுனைக்கும் போயிருக்க வேண்டிய பணம்.

இப்போது கார்புரேட்டருக்குள்

கிண்ணத்தில் இரண்டு விதமாகத் தவறு நேரும். நீடில் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தால் கிண்ணம் காலியாகும். மூட மறுத்தால் பெட்ரோல் நிரம்பி வழியும். நீடிலின் இருக்கையில் மணல்துகள் ஒன்று சிக்கினாலும், மிதவையில் நுண்ணிய ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் ஏறி அது மூழ்கினாலும் வழியத்தான் செய்யும். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே திரவம் தளும்பும் ஓசை கேட்கும். அது கேட்டால் புது மிதவை வாங்க வேண்டும். வழியும் பெட்ரோல் சூடான புகைக் குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கும் என்பதால், இந்த நிலையில் வண்டியை நகர்த்தவே கூடாது.

ஜெட்களைப் பற்றி அறிய உங்கள் காலே போதும். காலை எடுத்ததும் என்ஜின் அணைந்து, மிதித்தால் நன்றாக ஓடினால், ஐடிலிங்குக்கான, அதாவது மிதிக்காதபோது என்ஜின் மெல்ல ஓடுவதற்கான, சிறிய பைலட் ஜெட் அடைத்திருக்கும். சமவெளியில் ஓடி, ஏற்றத்திலும் வேகத்திலும் மட்டும் வறண்டால் பெரிய மெயின் ஜெட்டையோ வரத்துக் குறைவையோ பார்க்க வேண்டும். திடீரென்று மிதித்த கணத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோலத் தயங்கிப் பிறகு பாய்ந்தால், ஆக்சிலேட்டர் பம்பு என்ற சிறு பீச்சாங்குழல் வேலை செய்யவில்லை. கார்புரேட்டரில் உண்மையாகவே பெட்ரோலைப் பீய்ச்சும் உறுப்பு இது ஒன்றுதான். என்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, தொண்டைக்குள் பார்த்தபடி த்ராட்டில் நெம்புகோலை ஒரு முறை இழுங்கள். ஊசி நூல்போல ஒரு தாரை பெட்ரோல் பாய வேண்டும்.

அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்துவது நம் ஊரில் ஊறிப்போன பழக்கம். ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண் அதன் துளை அளவைக் குறிக்கிறது; 120 என்றால் ஏறக்குறைய 1.20 மில்லிமீட்டர். பித்தளை மென்மையானது, இரும்புக் கம்பி ஒரு முறை உரசினாலே அந்த எண் பொய்யாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதுமானது.

தொண்டை தவிர வேறு வழியில் காற்று புகுந்தாலும் கலவை லீன் ஆகும். அடிப்பாக்கிங் கிழிவது, தேய்ந்த த்ராட்டில் தண்டின் ஓரம், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் ஆகியவை வழக்கமான இடங்கள். ஐடிலிங்கில் சோப்புத் தண்ணீரை அங்கங்கே தெளித்துப் பார்த்தால், கசியும் இடத்தில் தெளித்த நொடியில் என்ஜினின் ஓசை மாறும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அது எரிய வெளிக்காற்று குறைவாகவே போதும். கலவைக் கணக்கு 14.7-லிருந்து சுமார் 13.5 ஆக இறங்குகிறது. புதிய கார்களில் புகையை முகர்ந்து தானே திருத்திக்கொள்ளும் சென்சார் உண்டு. கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பழைய துளை அளவிலேயே பெட்ரோல் விடும், வண்டி லீனாக ஓடும். 120 ஜெட்டுக்குப் பதில் 125 போட்டால் துளையின் பரப்பு எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடி இந்தக் குறையை ஏறக்குறைய நிரப்பும். இது காகிதக் கணக்கு. இறுதிச் சொல் பிளக்கின் நிறத்துக்கே. எத்தனால் பழைய ரப்பரை உப்பவும் உதிரவும் செய்யும், ஈரத்தையும் இழுக்கும். ஆகவே ஹோஸையும் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிட வேண்டும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்கவும் கூடாது.

கடைசியாகத் திருப்புளி

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் திருகுகளைத் தொடலாம். இரண்டே திருகுகள்: ஒன்று த்ராட்டில் எவ்வளவு மூடலாம் என்று நிறுத்தும் வேகத் திருகு, மற்றொன்று ஐடிலிங் கலவைத் திருகு. பின்னதைப் பலர் 'ஏர் ஸ்க்ரூ' என்பார்கள். சோலெக்ஸில் அது கட்டுப்படுத்துவது காற்றையன்று, பெட்ரோல் கலந்த கலவையை. வெளியே திருகினால் ரிச், உள்ளே திருகினால் லீன். பெயரை நம்பி எதிர்ப்பக்கம் திருகியவர்கள் ஏராளம்.

என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தபின், வேகத் திருகால் ஐடிலிங்கைச் சற்றே உயர்த்திக்கொள்ளுங்கள். கலவைத் திருகை மெதுவாக உள்ளே செலுத்தினால் ஓரிடத்தில் என்ஜின் தடுமாறும். அங்கிருந்து கால் சுற்றுக் கால் சுற்றாக வெளியே எடுத்தால் ஓட்டம் தெளிந்து வேகம் கூடும், அதற்கு மேலும் எடுத்தால் மறுபடி கனத்துத் தள்ளாடும். இந்த இரண்டுக்கும் நடுவே மிகத் தெளிவாக ஓடும் இடத்தில் விட்டுவிட்டு, வேகத் திருகைக் குறைத்து வழக்கமான ஐடிலிங்குக்குக் கொண்டுவாருங்கள். கலவைத் திருகை அடி வரை இறுக்கிவிடக் கூடாது. அதன் கூர்முனையில் வளையமாகத் தழும்பு விழுந்தால் பிறகு எந்தச் சுற்றிலும் அது சரியாக நிற்காது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஆறியபின் ஒரு பிளக்கைக் கழற்றி முனையின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.